பட்டை அடித்த குப்பைத் தொட்டி

ஊரில் இருக்கிற எல்லார் குரலும் லூர்துவின் வாயில் அப்படியே வரும். புத்தூர் உபதேசியார் ஜெபத்துக்கு நடுவில் இருமுவது வரும். மார்க்கெட்டில் கத்தரிக்காய் ஏலம் விடுகிறவர் கடைசி விலையை இழுப்பது வரும். வராத ஒரே குரல் அதட்டுகிற குரல். ஸ்ரீரங்கத்தில் டெம்பரவரி சானிட்டரி இன்ஸ்பெக்டராக அவனைப் போட்ட பிறகு, தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

காக்கி அரை டிராயரும் சோலாத் தொப்பியும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "யாருய்யா அங்க குப்பை போடறது?" என்று பழகிப் பார்த்தான். கண்ணாடிக்குள் இருந்தவன், சோறு இன்னும் ஆகவில்லையா என்று கேட்கிறவன் மாதிரி இருந்தான்.

ஹெல்த் ஆபீசர் டாக்டர் நல்லதம்பிக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினால் போதும்.

"சித்திரைத் தேருக்கு முன்னாடி இன்ஸ்பெக்ஷன் வருவேன், மிஸ்டர் லூர்து. தேர் ஓடற வீதி சுத்தமா இருந்தா நீங்க பெர்மனென்ட். ஒரு பூசணித் தோலு கண்ணுல பட்டாலும் நீங்க வந்த வழியே புத்தூருக்குப் போகலாம்."

வீதியில் தொட்டிக்குப் பஞ்சமில்லை. கிணற்று உறை மாதிரி உருண்டையாய், சிமெண்டுத் தொட்டிகள் புதிதாக வந்து இறங்கியிருந்தன. குப்பை மட்டும் தொட்டிக்கு வெளியே சுற்றிலும் கிடந்தது. காரணம் தெரிந்துகொள்ள, கீழச் சித்திரை வீதியில் வைதேஹி மாமி வீட்டெதிரே போய் நின்றான். மாமி வாசற்படியில் நின்றபடியே வாழைப்பூ மடல்களைத் தொட்டியைப் பார்த்து வீசினாள். ஒன்றுகூடத் தொட்டிக்குள் விழவில்லை.

"மாமி, கொஞ்சம் கிட்ட வந்து போடக் கூடாதுங்களா?"

"நன்னாருக்கே! ஊர் எச்சில் பூரா பட்ட தொட்டி. நான் மடியா தளிகை பண்ணிண்டிருக்கேன். கிட்ட வந்தா திரும்பவும் ஸ்நானம் பண்ணணும். நீங்க காவேரியைத் திருப்பி எங்காத்து வாசல்ல விடுவேளா?"

விட முடியாது என்று லூர்து ஒப்புக்கொண்டான். ஆனால் அன்று சைக்கிளில் திரும்பும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு வருகிற யோசனைகள் எல்லாமே சைக்கிளில்தான் வரும். இறங்கி யோசித்திருந்தால் பாதி வந்திருக்காது.

மறுநாள் வண்டிக்காரர் பிச்சமுத்துவிடம் சுண்ணாம்பும் காவியும் கரைக்கச் சொன்னான்.

"என்னாத்துக்குங்க ஐயா?"

"தொட்டிக்கு வெள்ளையும் காவியுமா பட்டை அடிக்கப் போறோம். கோயில் மதில் மாதிரி."

"குப்பைத் தொட்டிக்கா?"

"கேளுங்க. ஒருத்தன் எவ்வளவு அவசரமா ஒதுங்க வந்தாலும், பட்டை அடிச்ச சுவத்தைப் பார்த்தா அடுத்த சுவத்துக்குப் போறானா இல்லையா? ஏன்? மரியாதை! அந்த மரியாதை தொட்டிக்கும் வந்துட்டா, அத்தனை பேரும் கிட்ட வந்து பதவிசா போடுவாங்க."

"போடுவாங்கங்கறீங்க?"

"போடுவாங்கய்யா!"

பிச்சமுத்து காவியைக் கலக்கினார். பட்டை அடித்து முடித்ததும் லூர்து எட்ட நின்று ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தான். மாநகரத்தில் பெரிய பதவிக்குக் கூப்பிட்டால் அம்மா சம்மதிப்பாளா என்றுகூட ஒரு கவலை வந்துபோனது.

மரியாதை வந்தது. அளவுக்கு மேலேயே வந்தது. விடிந்தால் தொட்டியைச் சுற்றிக் கோலம். ஒரு தொட்டி விளிம்பில் துளசி. தேர் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொட்டிகளுக்குள் தூசி தவிர ஒன்றும் இல்லை. முன்பு தொட்டியைச் சுற்றிக் கிடந்த குப்பை இப்போது அதற்கு அபசாரம் வரக் கூடாதென்று தள்ளிப் போய், தேர் ஓடும் நடு வீதியில் குவிந்தது.

இன்ஸ்பெக்ஷன் நாள் காலையில் அந்தக் குவியல் முன்னால் நின்றுகொண்டு லூர்து கெஞ்சினான்.

"பிச்சமுத்து, ஆபீசர் வர்ற நேரம். இதை அள்ளித் தொட்டியில போடுங்க, அப்புறமா வண்டியில ஏத்திக்கலாம்."

"நான் மாட்டேங்க ஐயா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. பட்டை அடிச்சது நீங்க, நீங்களே போடுங்க."

லூர்து குனிந்தான். கை நிறையப் பூசணித் தோலை அள்ளினான். தொட்டிக்கு மேலே கொண்டுபோனான்.

"அபசாரம்!" வைதேஹி மாமியின் குரல் வீதிக்கோடி வரை கேட்டது. "உங்க கோயில் வாசல்ல தீர்த்தத் தொட்டி இருக்கோன்னோ? அதுல போடுவேளா தோலை?"

"ஐயோ மாமி, இது தீர்த்தத் தொட்டி இல்லீங்க! முனிசிபல் தொட்டி! நாந்தான் பட்டை அடிச்சேன்!"

"யார் அடிச்சா என்ன, பட்டை பட்டைதானே?"

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அழியுங்கோ."

"தண்ணியில அழியலீங்களே. காவியில நல்லாப் பசை போட்டுட்டேன்." வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மாமி ஒரு நிமிஷம் யோசித்தாள். "சாணி போட்டு மெழுகுங்கோ. பட்டையும் மறையும், தீட்டும் போயிடும்."

வீதியில் சாணிக்குக் குறைவில்லை. அதை அள்ள வேண்டியதும் அவன் வேலைதான். சோலாத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, வீதியில் முட்டிபோட்டு, லூர்து முதல் தொட்டியை மெழுகினான். பிச்சமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததை மெழுகினார். முதல் தொட்டியில் பட்டை மறைந்த மாத்திரத்தில் நடந்ததை லூர்துவாலேயே நம்ப முடியவில்லை. மாமி முறத்தோடு படியிறங்கினாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, உள்ளே குனிந்து, குப்பையைப் பதவிசாகக் கொட்டினாள்.

"மாமி! கிட்ட வந்துட்டீங்க!"

"மெழுகின இடத்துக்கு வரதுக்கு என்ன? இதை மொதல்லயே பண்ணியிருக்கப்படாதோ?"

எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பிச்சமுத்து நடு வீதிக் குவியலை அள்ளி வண்டியில் ஏற்றிவிட்டார். வீதி துடைத்துவிட்டாற்போல் ஆனது. லூர்து கடைசித் தொட்டியைச் சாணியால் வழித்துக்கொண்டிருக்கும்போது ஜட்கா வந்து நின்றது.

டாக்டர் நல்லதம்பி இறங்கினார். வீதியை மேலும் கீழும் பார்த்தார். பூசணித் தோல் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தார். அதன்மேல் உட்கார்ந்திருந்த ஈக்களைப் பார்த்தார். கடைசியாக, முழங்கை வரை சாணியோடு எழுந்து நின்று சல்யூட் அடித்ததில் தொப்பியிலும் ஈஷிக்கொண்ட தன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"இது என்ன, மிஸ்டர் லூர்து?"

லூர்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னான். மாமி வந்த இடத்தில் மாமி குரலும், பிச்சமுத்து வந்த இடத்தில் பிச்சமுத்து குரலும் தானாக வந்துவிட்டன. சைக்கிளில் வந்த யோசனையைச் சொல்லும்போது அவன் சொந்தக் குரல்தான் எல்லாவற்றையும்விட அசட்டுத்தனமாக இருந்தது. மாமி முறத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவினார்.

"வீதி சுத்தமா இருக்கு. சொன்ன சொல்லை நான் மாத்த முடியாது. ஆனா உங்களைத் தெருவுல விட்டு வைக்கவும் முடியாது. உங்களுக்கு யோசனை வருது. கொள்ளிடக் கரையில நம்ம குப்பைக் கிடங்கு இருக்கு பாருங்க, நாளையிலேர்ந்து அங்க போங்க."

லூர்து சாணிக் கையை டிராயரில் துடைத்தான்.

"பெர்மனென்ட்தானே, சார்?"

"அதுல சந்தேகமே வேண்டாம். அந்த இடத்தை யாரும் உங்ககிட்டேர்ந்து கேட்க மாட்டாங்க."