அம்மாக்கண்ணு கேட்ட ஒரு காலைத் தூக்கம்

டிக்கோயாவிலிருந்து இரண்டு மைல் மேலேறினால் வரும் அந்தத் தோட்டத்தில் சோலைமலையை மனதாரத் திட்டாத ஆள் கிடையாது. ஆள் நல்லவர்தான். கோள் சொல்ல மாட்டார், வம்புக்குப் போக மாட்டார், சாராயம் தீபாவளிக்கு மட்டும். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டோர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்துத் தோட்டத்தையே எழுப்புகிற வேலை அவருடையது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டங்களில் தப்படிப்பார்கள், கொம்பு ஊதுவார்கள். இங்கே சோலைமலையின் மணி. அது அடித்ததும் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அடுப்பு புகையும். ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுப்பார்கள்.

அவர் மணியில் இரண்டு வகை உண்டு. காலை மணி படபடவென்று விடாமல் அடிப்பது. செத்தவனும் எழுந்து உட்கார்ந்து 'என்னாப்பா அவசரம்' என்று கேட்பான். சாயந்தரம் வேலை விடுகிற மணி வேறு. மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தி இன்னும் மூன்று அடி, ஆற அமர. அதைக் கேட்டதும் மலையில் நிற்கிற பெண்களின் தோள் தானாகத் தளரும். இருபது வருஷத்தில் இரண்டில் ஒன்றும் ஒரு நாள் தவறியதில்லை. மூத்த மகள் கல்யாணத்தன்று கூட மணியடித்துவிட்டு வந்துதான் பட்டு வேட்டி கட்டினார். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். ஏற்கெனவே சொன்னது மட்டும் ஞாபகம் இருக்காது.

தோட்டத்தை எழுப்புகிறவர் சோலைமலை என்றால், சோலைமலையை எழுப்புகிறவள் அவர் மனைவி அம்மாக்கண்ணு. நாலு மணிக்கு எழுந்து தேத்தண்ணி வைத்து, அவரைத் தட்டி எழுப்பி, கம்பளியைப் போர்த்தி அனுப்பிவிட்டு, ரொட்டி சுட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அவர் அடித்த மணிக்கே ஓடிப்போய்ப் பெரட்டில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமையாவது விடிவு உண்டா என்றால், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர்களுக்காக அன்றைக்கும் மணி உண்டு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இருபது வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டு மகள்களையும் மஸ்கெலியாவிலும் பூண்டுலோயாவிலும் கட்டிக்கொடுத்தாயிற்று.

ஐம்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் ஒரு அதிசயம் நடந்தது. புதிதாக வந்த துரை பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் லீவே எடுத்ததில்லையா என்று கேட்டு, சனியும் ஞாயிறும் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு வரச் சொல்லிவிட்டார். சோலைமலைக்கு அது பரிசு மாதிரியும் இருந்தது, தண்டனை மாதிரியும் இருந்தது.

"எங்க போவணும் சொல்லு புள்ள. கண்டிக்குப் போவமா? இல்லாட்டி பக்கத்துல அட்டன்ல ஒரு படம் பாத்துட்டு வருவமா?"

"அட்டன் வேணாங்க. அங்கன ஒங்க மணி கேக்கும்."

அவள் குறையாகச் சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மீசையைக் கூடத் தடவிக்கொண்டார்.

"நுவரெலியாவுக்குப் போவோம்," என்றாள் அம்மாக்கண்ணு. "ஒரு ஓட்டல்ல ரூம் எடுங்க. நான் ஏரி பாக்கணும்னு கேக்கல, குதிரப் பந்தயம் பாக்கணும்னு கேக்கல. ஞாயித்துக்கெழம காலையில நான் தூங்கணும். வெயிலு மூஞ்சில படுற வரைக்கும் தூங்கணும். நீங்க எழுப்பக் கூடாது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இது ஒரு பெரிய காரியமா? பேசாம தூங்கு," என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதைவிடச் சுலபமான வாக்கை அவர் வாழ்க்கையில் கொடுத்ததில்லை என்று நினைத்தார்.

மணியை இரண்டு நாளைக்கு இராமையாவிடம் ஒப்படைத்தார். இராமையா ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிறவன், நாற்பது வயது. ஒரு இரும்பை இன்னொரு இரும்பால் அடிப்பது எப்படி என்று அவனுக்கு மூன்று தடவை பாடம் நடந்தது. மூன்றாவது தடவை அவன், "அண்ணே, ரயிலு போயிரும்," என்று ஞாபகப்படுத்தினான்.

அட்டனில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியா வந்து சேரும்போது மதியமாகிவிட்டது. கடைத்தெருக் கோடியில் ஒரு சைவ ஓட்டல். கீழே சாப்பாடு, மேலே தங்குகிற அறைகள். முதலாளி பொன்னையா கல்லாவிலிருந்து இறங்கி வந்து வரவேற்றார். சித்திரை மாதமாதலால் கொழும்புப் பணக்காரர்கள் பெரிய ஓட்டல்களில் இருந்தார்கள். இங்கே முழுக்கத் தோட்டத்து ஆட்கள்தான். கங்காணிகள், கணக்கப்பிள்ளைகள், புதுக் கல்யாண ஜோடி ஒன்று.

அறைக்குள் போனதும் அம்மாக்கண்ணு முதலில் மெத்தையைத்தான் பார்த்தாள். ஒரு விரலால் அமுக்கினாள். அது அமுங்கி மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள்.

"ஜன்னல் கெழக்க பாத்து இருக்கு," என்றாள் திருப்தியாக. "வெயிலு நேரா வரும்."

அன்று மத்தியானம் மசாலா தோசை சாப்பிட்டார்கள். அதற்குள் உருளைக்கிழங்கை ஒளித்து வைத்த சாமர்த்தியத்தைச் சோலைமலை வெகுவாக மெச்சினார். ஏரிக்கரையில் நடந்தார்கள். கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். நாய்க்கும் கம்பளிச் சட்டை இருந்தது. அதைப் பார்த்து அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சோலைமலைக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "குளுருது, நட," என்றார்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, கோவா வறை, காரசாரமாகத் தேங்காய்ச் சம்பல். பந்தியில் பூண்டுலோயாக் கங்காணி கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். கிடைத்தது சோலைமலைக்கு ஆள். தன் மணியின் பெருமையைத் தொடங்கிவிட்டார். மேல் டிவிஷனுக்குக் கேட்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும், காற்று தோதாக இருந்தால் அட்டனுக்கே கேட்கும். இலை எடுக்க வந்த பொன்னையாவும் நின்று கேட்டார். அம்மாக்கண்ணு இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "இங்க கேக்காம இருந்தாச் சரி," என்றாள்.

மறுநாள் நாலு மணிக்குச் சோலைமலைக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. தட்டி எழுப்ப ஆள் தேவைப்படவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமும் அவளை எதற்கு எழுந்து என்னை எழுப்பச் சொன்னேன் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குக் கிடைத்த பதில் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருட்டில் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. புரண்டால் கட்டில் கிரீச்சிட்டது. இருமல் வந்தது, விழுங்கினார். தும்மல் வந்தபோது இனி இங்கே இருப்பது ஆபத்து என்று கம்பளியை எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி அடியெடுத்து வைத்துக் கீழே இறங்கி, படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணி ஆனது. கை குறுகுறுத்தது. இராமையா இப்போது என்ன அலங்கோலம் பண்ணிக்கொண்டிருக்கிறானோ என்று கவலைப்பட்டார். இடுப்பிலிருந்த சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். ஆறு மணிக்குப் பொன்னையா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பால் பொங்குகிற நேரம், பரிமாறுகிறவனுக்குக் காய்ச்சல்.

"அண்ணே, சும்மாத்தான இருக்கீங்க? அந்தச் சேகண்டிய ஒரு தட்டு தட்டி விடுங்க. தேத்தண்ணி ரெடின்னு ஆளுகளுக்குத் தெரியட்டும்."

சாப்பாட்டு அறை வாசலில் ஒரு வெண்கலச் சேகண்டி தொங்கியது. பக்கத்திலேயே கட்டை.

"வேணாங்க முதலாளி," என்றார் சோலைமலை. "பொம்பளைக்கு வாக்குக் குடுத்துருக்கேன்."

"மெதுவாத் தட்டுங்கண்ணே."

மெதுவாகத் தட்டினார். அது மணிச் சத்தமாகவே இல்லை. ஏதோ ஸ்பூன் கீழே விழுந்த மாதிரி இருந்தது. பொன்னையா அடுக்களையிலிருந்தே, "அடிச்சிட்டீங்களா? கேக்கவே இல்லியே! அட்டனுக்கே கேக்கும்னீங்க?" என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அடித்தது சோலைமலை இல்லை, இருபது வருஷத்துப் பழக்கம் அடித்தது. கட்டை ஏறியது, இறங்கியது. படபடவென்று விடாமல், சேகண்டி ஆட, கண்ணாடி அலமாரி நடுங்க, அசல் பெரட்டு மணி.

மேலே ஒரே நேரத்தில் ஏழு கதவு திறந்தது. கந்தப்பன் கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே, "வரிசையா நில்லு! எத்தன பேரு?" என்று கத்திக்கொண்டு வந்தார். புது மாப்பிள்ளை சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். எல்லோருக்கும் முன்னால் அம்மாக்கண்ணு இறங்கி வந்தாள். ஓட்டல் கம்பளியைப் படங்கு மாதிரி இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். தலையில் துண்டு. முதுகில், வராந்தாவில் இருந்த அழுக்குத்துணிக் கூடை. கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மூன்றாவது படியில் நின்று சுற்றிப் பார்த்தாள். தேயிலைச் செடி இல்லை, மேசையும் நாற்காலியும்தான் இருந்தன. கடைசியில் கட்டையும் கையுமாக நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

யாரோ ஒருவர் சிரிக்க, கூட்டமே சிரித்தது. கந்தப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. கூடையை மெதுவாக இறக்கிப் படியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

சோலைமலை பின்னாலேயே ஓடினார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"திட்டுறதுன்னா திட்டிரு புள்ள."

"இருவத்திரெண்டு வருசத்துல சீல கேட்டனா, நக கேட்டனா? ஒரே ஒரு காலத் தூக்கந்தான கேட்டேன்." கோபமாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "அதையும் மணியடிச்சு எழுப்பிட்டீங்களே."

"தப்புத்தான்," என்றார் சோலைமலை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "இப்பப் படு. நான் வெளியில போயிர்றேன். இன்னம் வெயிலு வரல."

"எங்க தூங்குறது? மணி காதுல விழுந்தா இந்த ஒடம்பு நிக்காது. காலு தானா மலைக்குப் போவுது." தன் காலைப் பார்த்தபடியே சொன்னாள். "போய் வேல விடுற மணிய அடிங்க."

"காலையிலயா?"

"ஆமா. அது கேட்டாத்தான் இந்த ஒடம்பு நம்பும்."

மனுஷன் இறங்கிப் போனார். கீழே எல்லோரும் தேத்தண்ணியும் கையுமாக இருந்தார்கள். யாரையும் பார்க்காமல் சேகண்டி முன்னால் நின்று, மூச்சை இழுத்து, மூன்று அடி அடித்தார். நிறுத்தினார். இன்னும் மூன்று. ஆற அமர, இருபது வருஷத்தில் அவ்வளவு அழகாக அவர் அடித்ததில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்த கந்தப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே, "காலையில ஆறரைக்கே வேல விட்டாச்சா? முதலாளி, நான் ஒங்க தோட்டத்துலயே பேரு பதிஞ்சிர்றேன்," என்று சொல்லிவிட்டு மாடியேறினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பொங்கிய பால் பொன்னையாவுக்கே மிஞ்சியது.

சோலைமலை அறைக்குத் திரும்பியபோது அம்மாக்கண்ணு சுவர்ப்பக்கம் ஒதுங்கிப் படுத்துத் தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் நாற்காலியைத் தூக்கி, சத்தமில்லாமல் ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தார்.

மூடுபனி விலக எட்டரை மணி ஆயிற்று. வெயில் முதலில் தரையில் விழுந்தது, பிறகு கட்டில் காலில் ஏறியது, பிறகு கம்பளியில். அந்த வெளிச்சத்தில்தான் அவர் பார்த்தார். நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முடி தேய்ந்த தடம். காதோரம் நரை. இடது கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு மச்சம். இது எப்போதிலிருந்து இருக்கிறது? கல்யாணத்தன்றே இருந்திருக்கும். அவள் தூங்கும் முகத்தை அவர் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. அவர் கண் திறக்கும்போதெல்லாம் அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். சோலைமலைக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் ஆசையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் நீர் வந்தது. தோட்டமே கேட்கிற மாதிரி மணியடிக்கிற மனுஷன் சத்தமில்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் அவள் தோளுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் போனால் முகம். பேசின பேச்சு அதுவரைக்கும்தான். சோலைமலை கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். எழுந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய நிழல் போய் அவள் முகத்தில் விழுந்தது. வெயில் நகர நகர அவரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நின்றார். முதுகு சுட்டது. ஒரு கால் மரத்துப் போனதும் மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டார். கீழே மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது.

அம்மாக்கண்ணு லேசாகப் புரண்டாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மணி என்னாங்க?"

"தெரியலயே புள்ள," என்றார் சோலைமலை. "வெயிலு இன்னம் வரல. நீ தூங்கு."