இன்சீன் ரயிலேற ஒரு பயிற்சி

சயாஜி எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு முதன்முதலில் வந்தது ஒரு பிரம்பு நாற்காலியில். கியாக்டடா பேட்டையில் அவர் மகன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தச் செங்குத்துப் படிகளில் மகனும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கி, தெருவைக் கடந்து கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, இடுப்பில் இஸ்திரி போட்ட லோஞ்சி, முகத்தில் ஈயாடவில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டி சார்ஜென்டாக ஓய்வுபெற்ற மனிதர். அந்தப் பதவியில் இருந்தவர்களைப் பர்மியர்கள் மரியாதையாக சயாஜி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கடைசிவரை வேறு பெயரில் கூப்பிட வாய் வரவில்லை.

வயதாகித் தளர்ந்துபோன பழைய சிப்பாய்களை மறுபடி நடக்கவைப்பது என் வேலை. மூன்று நிமிடம் விரைவாக நடக்க வேண்டும், மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி ஐந்து சுற்று. நடுவில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. கேட்க விளையாட்டுப் போல இருக்கும், செய்தால் தெரியும். முதல் மாதம் சயாஜி சுவரைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நடந்தாலே பெரிய காரியம். காலில் கொஞ்சம் பலம் திரும்பியதும் வேறு தலைவலி ஆரம்பித்தது. விரைவு என்றால் பறப்பார். மெது என்று நான் கத்தினால் காது கேட்காது. "மெதுவா நடந்தா பின்வாங்குற மாதிரி இருக்கும்மா" என்பார். ஒருநாள் அப்படியே கண் இருண்டு என் மேல் சாய்ந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மருந்தே அந்த மெதுநடையில்தான் இருக்கு சயாஜி. நெஞ்சு மூச்சு வாங்கிக்கிற நேரம் அது. இஷ்டம் இல்லன்னா நாளையிலேர்ந்து வராதீங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மறுநாள் அவர் சொன்னபடி நடந்தார். கத்தியிருக்க வேண்டாம் என்று இப்போதும் தோன்றும்.

எதற்காக இந்த அவசரம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் மனைவி ஊரின் வடகோடியில் இன்சீனில் மகள் வீட்டில் இருந்தார், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இவருக்கும் கால் போனதும் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்து பேசி, அம்மா மகளிடம், அப்பா மகனிடம் என்று பிரித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சின்ன வீடு, இருவருக்கும் வேலை, தூக்கி உட்காரவைக்க வேண்டிய இரண்டு பேரை ஒருத்தி எப்படிப் பார்ப்பாள்? மகனுக்கு ஓய்வு கிடைத்தால் மாதம் ஒருமுறை டாக்சியில் கூட்டிப்போவார். சில மாதம் அதுவும் இல்லை. "ஐம்பத்தோரு வருஷம் ஒரே வூட்டுல இருந்தோம்மா. இப்ப அவ சாப்பிட்டாளான்னு போன்ல கேக்குறேன். அவளுக்குப் பேச்சு சரியா வராது. மூச்சு மட்டும் கேக்கும்" என்றார். சொல்லிவிட்டு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் குறி, ஊரைச் சுற்றி இன்சீன் வழியாக ஓடும் வட்ட ரயில்தான். பழைய பெட்டிகளின் படி உயரம். வண்டியும் அதிக நேரம் நிற்காது. சட்டென்று ஏறத் தெரிய வேண்டும். மரப்பெட்டி ஒன்றை வைத்து ஏறி இறங்கவைத்தேன். பழகியதும் அதன்மேல் பலகை, அதன்மேல் இன்னொரு பலகை. சும்மா சொல்லக் கூடாது, பிடித்த பிடியை விடாத மனிதர். நாலாவது மாடியிலிருந்து அவரே இறங்கி வந்த காலையில் கூடமே கைதட்டியது. அதோடு நிற்காமல், அரிசி மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிப் பழக வேண்டும் என்று அடம்பிடித்தார். "ரயில்ல மூட்டை தூக்குற வேலைக்கா போறீங்க?" என்று கிண்டல் செய்தேன். "பொண்ணுக்கு அரிசி கொண்டுபோவணும் சயாமா" என்றார். சயாமா என்றால் டீச்சரம்மா, கூடத்தில் எல்லாருக்கும் நான் சயாமாதான். நம்பி, இரண்டு வீசையில் ஆரம்பித்துப் பத்து வீசை, அதாவது பதினாறு கிலோ வரை ஏற்றிக் கொடுத்தேன்.

அவர் தனியாகக் கிளம்பிய நாளில் நானும் நிலையம் வரை போனேன். கை கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டார். வண்டி வந்தது. கீரைக் கூடைக்காரிகள் முண்டியடித்தார்கள். கம்பியைப் பிடித்தார், வலது காலை வைத்தார், ஏறிவிட்டார். மூட்டை எதுவும் அவர் கையில் இல்லை என்பது வண்டி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் மகன் போன் செய்தார். "சயாமா, அப்பா திரும்பி வரமாட்டேங்குறாரு. என்ன சொல்லிக் குடுத்தீங்க?" நடந்தது இதுதான். இன்சீனில் போய் இறங்கியவர் நேரே மகள் வீட்டுக்கு நடந்து, கட்டிலில் கிடந்த மனைவியை மார்போடு அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார். "ரெண்டு பேரைத் தூக்க முடியாதுன்னு சொன்னே. என்னை நீ தூக்க வேண்டாம். இவளையும் நானே தூக்கிக்கிறேன். ஒரு பாய் போதும்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் அழுதிருக்கிறாள். அப்புறம் யார் போகச் சொல்வது?

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் இல்லாத கூடம் பிடிக்கவில்லை. மற்றவர்களெல்லாம் சொன்னபடி நடந்தார்கள், எதிர்த்துப் பேச ஆளில்லை. இன்சீன் என்ன கண்காணாத தேசமா? ஒரு ரயில் தூரம். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி ஒன்றரை வருடம் போக்கிவிட்டேன். கட்டிலில் கிடப்பவர் அவருடைய மனைவி என்பதால், சாவுச் செய்தி சொல்லிப் போன் வந்தபோது அந்த அம்மாவைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். போனது சயாஜி. தூக்கத்திலேயே. அவரை இன்னொரு தடவை பார்க்க முடியாமல் போனது என் சோம்பேறித்தனம்தான்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து இன்சீனுக்குப் போனேன். மகள் தேநீர் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சயாமா, அம்மாவைத் தூக்குனதும் உடனே உட்கார வைக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கணும்னு நீங்க சொன்னதா அப்பா சொல்வாரு. தினம் காலையில அப்படித்தான் நிப்பாரு. நாங்க யாராச்சும் பாத்தா, சயாமா உத்தரவும்பாரு. இப்ப நாங்க தூக்கி உடனே உட்கார வச்சா அம்மா அழுவுறாங்க. அது கட்டாயம் செய்யணுமா?"

தலைசுற்றாமல் இருக்கப் பத்து எண்ணுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். அஞ்சு நிமிடம் என்று என் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை. மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் நடமாடும் அந்த ஒற்றை அறையில், பகல் வெளிச்சத்தில், மனைவியைக் கட்டிக்கொண்டு நிற்க மனிதர் என் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஆமா, நான்தான் சொன்னேன். கட்டாயம் செய்யணும்" என்றேன்.

கட்டிலிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கையை மட்டும் மெல்ல உயர்த்தினார். கிட்டப் போய்க் குனிந்தேன். கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தூக்கி நிறுத்தினேன், பத்து வீசை கூடத் தோன்றாத உடம்பு. முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அப்படியே நின்றேன்.