எப்போதும் ஓடிக்கொண்டிருந்த மெஷின்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அக்காவின் கணவர், என் அத்தான், வீடுகளுக்குக் கேமரா மாட்டுகிறவர். சுற்றியுள்ள தெருக்களில் அவர் 'கேமராக்காரர்'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார், புருவமெல்லாம் சுவர்த் தூசியோடு திரும்புவார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவே மாட்டார். "படுக்கையறை வரைக்கும் போற வேலைம்மா இது. என்னை நம்பித்தான் கதவைத் திறக்கிறாங்க. இன்னொருத்தனுக்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பேன்?" என்பார். அது உண்மைதான். அவர் ஏணியைச் சாத்தியதும் வீட்டுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு உள்ளே போய்விடுவார்கள்.

அப்படி நாற்பத்தொரு வீடு. அக்கா வீட்டு வாசலிலும் ஒரு கேமரா உண்டு. ஜனங்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் போன் போடுகிறார்கள் என்று, எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தார். அக்கா வீட்டு நடையில், அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் இருந்தது. அங்கிருந்தபடியே எந்த வீட்டுக் கேமராவையும் பார்த்துச் சரிசெய்வார். ஆறு வருடமாக அது அணைந்ததே இல்லை.

அன்று பாப்பா ஆரம்பித்தாள். அக்கா மகள், பதின்மூன்று வயது. கம்ப்யூட்டரில் கட்டை அடுக்கி வீடும் ஊருமாகக் கட்டுகிற ஒரு விளையாட்டு. பள்ளித் தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து ஆடுவாள். இவள் மூடிவிட்டுப் போனாலும் அந்த ஊர் திறந்தே இருக்க வேண்டுமாம். அதற்கு வீட்டில் ஒரு சர்வர், அதாவது அணைக்காமல் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர், வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரை அதற்குக் கொடுப்பது என்று பஞ்சாயத்து கூடியது.

பாப்பாவின் லேப்டாப் கிழடு. பத்து நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்கும். அக்கா அச்சகத்துக்கு நோட்டீஸ் வடிவமைக்கிறவள். "என் மெஷின்ல யாராவது கை வச்சீங்க, அந்தக் கை இருக்காது" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது நடையில் இருந்த கறுப்பு மெஷின்.

"அது தொழில் மெஷின்" என்று அத்தான் தயங்கினார்.

"எப்படியும் நாள் முழுக்கச் சும்மா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? ஊர் பூரா செய்வீங்க, பெத்த பிள்ளைன்னா கசக்குதா?" என்று கிண்டல் செய்தேன். நான்தான் செய்தேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். தோழிகளால் அவரவர் வீட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக உள்ளே வர முடியவில்லை. விளையாட்டுக்கு மட்டும் ஒரு வழி திறந்து பார்த்தார், சரிப்படவில்லை. "இப்போதைக்கு இந்த மெஷினுக்கு எல்லா வழியையும் திறந்து விடறேன். அப்புறம் ஒவ்வொண்ணா மூடிக்கலாம்" என்றார். அடுத்தவர் வீட்டில் ஜன்னல் கொக்கியைக்கூட இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர். மறுநாள் வேலை வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. மூன்று வாரம் ஓடிப்போயிற்று.

ஒரு சாயங்காலம் நான் போனபோது பாப்பா தனியாக இருந்தாள். பள்ளி விட்டு வந்ததிலிருந்து, அக்கா நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அச்சகத்திலிருந்து திரும்பும்வரை அவள் தனிதான்.

"சித்தி, இங்க வாயேன். யாரோ நம்ம வீட்டைக் கட்டியிருக்காங்க!"

பார்த்தேன். மூன்று படி. நீலக் கதவு. குழாயடியில் வாளி. கொடியில் சிவப்புப் போர்வை, அக்கா அன்று காலையில் காயப்போட்டது.

"உன் கூட்டாளிங்க வேலையா?"

"அவங்க யாரும் இங்க வந்ததே இல்லையே. இது புள்ளி கட்டினது. பேருக்குப் பதிலா வெறும் புள்ளி வச்சிருக்கு. பேசவே பேசாது, கட்டிக்கிட்டே இருக்கும். யாரோட அண்ணனாவது இருக்கும்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, திரையில் நீலக் கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டை ஒன்று வந்து உட்கார்ந்தது. வாசலை எட்டிப் பார்த்தேன். என் மஞ்சள் குடை அதே இடத்தில் சாய்ந்திருந்தது. நான் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு அத்தானுக்குப் போன் செய்தேன்.

தூசி படிந்த முகத்தோடு ஓடி வந்தார். நின்றபடியே திரையைப் பார்த்தார். "வீட்டுக்குப் பின்னாடி போ பாப்பா" என்றார். பின்னால் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். எனக்கு அவை வெறும் வீடுகள். அவருக்கு அப்படி இல்லை. விரலால் எண்ணிக்கொண்டே வந்தவர், ஓர் அறைக்குள் தொட்டிலைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். போன வாரம்தான் அந்த அறையில் கேமரா மாட்டியிருந்தார்.

ஒரே இழுப்பில் வயரைப் பிடுங்கினார். கறுப்பு மெஷினின் விளக்கு அணைந்தது. அதன் இரைச்சல் இல்லாத நடையை எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாருக்கும் சொல்லணும். நானே திறந்து விட்டுட்டேன்னு சொல்லணும்" என்றார். முதலில் யாருக்குச் சொல்வது என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த தெருவில் டீச்சரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், நான் கேமராக்காரன்..."

"சொல்லுங்க தம்பி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீங்க அனுப்பின ஆள் வந்துட்டார். எந்த அறையில எந்தக் கேமரான்னு எல்லாம் கரெக்டா சொல்றார், அதான் உள்ள விட்டேன்."

"டீச்சர், நான் யாரையும் அனுப்பல. போனைக் கையிலயே வச்சுக்கிட்டு அப்படியே வெளிய வாங்க. இப்பவே வாங்க!"

"என்னமோ சொல்றீங்க, மாடியில டிரில் சத்தம், ஒண்ணும் காதுல விழல" என்றார் அவர். "சத்தம் நின்னுடுச்சு, இறங்கி வர்றார் போல. இருங்க, அவர்கிட்டயே கொடுக்கிறேன்."