உயிரோடு இருப்பவளுக்கு ஓர் அறிவித்தல்

மீராசாஹிபு காக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். வருஷக்கணக்காக அந்த மனிதரை என் ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறேன், இன்னும் அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய மகளின் அல்பம் வெளிவந்தபோது நடந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டாலும் அதே பதில்தான். விளங்கினவர் யாராவது மருதமுனையில் இருந்தால் வரட்டும், தேத்தண்ணி என் செலவு.

அவர் எங்கள் ஊரில் மௌத்துச் செய்தி சொல்கிறவர்; யார் செத்தாலும் ஊருக்கு அறிவிப்பது அவர்தான். ஓட்டோவின் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுப் பின்சீட்டில் மைக்கோடு உட்காருவார். ஸலாம் சொல்வார். பிறகு வீதியின் பெயர், வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், போனவரின் பெயர், கடைசியில் ஜனாஸா அடக்கம் எப்போது, எந்த மையவாடி. கடதாசி எதுவும் பார்க்கமாட்டார். ஒரே சுருதி, ஒரே நிதானம். அந்தக் குரல் சந்தியில் கேட்ட உடனேயே சைக்கிளில் போகிறவன் இறங்கிவிடுவான், கடைக்காரன் தராசை விட்டுவிட்டு வெளியே வருவான். பக்கத்து ஊர் பாண்டிருப்பு ஆட்களுக்குக்கூட அந்தக் குரலைத் தெரியும். அதனால் என் பாடு என்னவென்று கேளுங்கள்! ஸ்பீக்கரைக் கழற்றி வைத்த நாளிலும் என் ஓட்டோ போய் நின்றால் வீட்டுக்காரர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வருகிறார்கள். கல்யாண ஹயர் என்று ஒன்று எனக்கு வந்ததே இல்லை.

மைக்கை வைத்துவிட்டால் மனிதருக்கு வாய் இல்லை. மனைவி பாத்தும்மா போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் அவரும் ஒரே மகள் ஸம்றாவும்தான். ஸம்றா கல்முனையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். கரண்ட் அடிக்கடி போன காலத்தில், இருட்டில் சும்மா இருக்க ஏலாமல் பாட்டுக் கட்டத் தொடங்கினாளாம். பிறகு ஒரு மைக் வாங்கி, அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் தலையை விட்டுப் பாடி, கம்பியூட்டரில் இசை சேர்த்து, எட்டுப் பாட்டு முடித்துவிட்டாள். அல்பத்தின் பெயர் ‘கரண்ட் போன நேரம்’. இன்டர்நெட்டில் போட்டாள். பெயர் போடவில்லை, முகம் போடவில்லை. கொடியில் காயும் சாறனின் படம் மட்டும் இருந்தது.

இதை அவள் வாப்பாவிடம் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். பக்கத்து வீடு, அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கும் அங்கே போக வேண்டி வந்தது.

“எந்தப் படத்துக்கு?” என்று கேட்டார் காக்கா.

“படம் இல்ல வாப்பா. சும்மா பாட்டு. என்ட பாட்டு.”

“படமில்லாம ஆரு பாட்டுக் கேக்கிற? எங்க, அந்த அல்பத்தக் காட்டு.”

அவள் போனைக் காட்டினாள். அவர் போனைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? நானும் போனைப் புரட்டிப் பார்த்தேன்.

“கொழும்பில மேடை ஒண்டு தாறாங்க வாப்பா. பேரும் முகமும் தெரிய வரணுமாம். நான் இன்னாருட மகள் எண்டு சொல்லித்தான் ஏறுவன். நீங்க ஓம் எண்டாப் போறன். இல்லெண்டா இதோட விட்டுர்றன், இனிப் பாட்டே வேணாம்.”

காக்கா சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். ஓம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. ஸம்றா என்னைப் பிடித்தாள்: “முபாறக் சாச்சா, வாப்பா என்ன சொல்றாரு?” காக்காவைக் கேட்டால், “இண்டைக்கு வெயில் கூட” என்பார். கொழும்புக்காரருக்குப் பதில் சொல்லும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை சோறும் ஒழுங்காகத் தின்னவில்லை. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

ஒரு சனிக்கிழமை காலை, மைக்கும் ஸ்பீக்கருமாக வந்து நின்றார்.

“ஓட்டோவ எடு தம்பி.”

“ஆரு காக்கா மௌத்து?”

“நீ ஓட்டு, சொல்றன்.”

வெள்ளைச் சேர்ட் போட்டு அத்தரும் பூசியிருந்தார். பெரிய இடத்து மௌத்து என்று நினைத்துக்கொண்டு கடற்கரை வீதிக்குத் திருப்பினேன். பின்னால் தொண்டையைச் செருமினார். ஸலாம் சொன்னார். அதே சுருதி, அதே நிதானம்.

“அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! ஓர் அறிவித்தல். மருதமுனை கடற்கரை வீதியைச் சேர்ந்த மீராசாஹிபு, மர்ஹூமா பாத்தும்மா ஆகியோரின் அன்பு மகள் ஸம்றா அவர்கள்...”

யா அல்லாஹ்! என் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. காலையில்தானே அந்தப் பிள்ளை பல் தீட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன்? மகள் போய்விட்டாள், இந்த மனிதர் வழமைபோல மைக்கோடு வந்து உட்கார்ந்திருக்கிறாரே, விசரா இவருக்கு? திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“...சொந்தமாக எட்டுப் பாடல்களைப் பாடி, ஓர் அல்பம் வெளியிட்டிருக்கிறார் என்பதை மிக்க மகிழ்ச்சியோடு அறியத் தருகின்றேன்.”

அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்க வீதியில் ஒரு குருவியும் இல்லை. அந்தக் குரலில் ஸம்றா என்று வந்த இடத்திலேயே ஊர் ஓடத் தொடங்கிவிட்டது. ரொட்டிக் கடைக்காரன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினான். பெண்கள் தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மோட்டார் சைக்கிள்கள் எங்களைக் கடந்து பறந்தன.

“பாத்தியா முபாறக்!” காக்கா என் தோளில் தட்டினார். “எல்லாரும் நம்மட ஊட்டுக்குத்தான் போறாங்க. பாட்டுக்கு இவ்வளவு மதிப்பு இரிக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!”

“காக்கா, அவங்க மௌத்து எண்டு நெனச்சி...”

“நீ பேசாம ஓட்டு. நாலு சந்தி மிச்சம் இரிக்கி.”

நான் சொன்னதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. நாலு சந்தியிலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விட்டார். எனக்கென்றால் தலைகால் புரியவில்லை. சிரிப்பதா, ஓட்டோவை விட்டு இறங்கி நானும் ஓடுவதா?

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் கதிரைகள் இறங்கிவிட்டன. பொடியன்மார் வேலியில் ஏறிக் கூடாரம் கட்டுகிறார்கள். கபுறு வெட்ட ஆட்கள் மையவாடிக்குப் போய்விட்டார்கள் என்று ஒருவன் சொன்னான். பள்ளிவாசல் நிர்வாகத்துக் கச்சிமுகம்மது ஹாஜியார் முன்கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். பாண்டிருப்பிலிருந்து கருவாடு விற்க வரும் அன்னப்பிள்ளை, கூடையை ஒழுங்கையில் போட்டுவிட்டு, “என்ட தங்கப் புள்ள போயிட்டாளே!” என்று மார்பில் அடித்து அழுகிறாள்.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஸம்றாவுக்கு அன்று லீவு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறையைச் சாத்தி வைத்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு போன பெண்கள், கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த ‘மௌத்தான பிள்ளையை’க் கண்டு வீரிட்டுக் கத்தியிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்த்தால் அறை நிறைய அழுகிற முகங்கள். ஜன்னலுக்கு வெளியே கூடாரம். அவளுக்கு என்ன தோன்றும்? இந்த வீட்டில் இன்னொரு ஆள்தானே உண்டு.

“வாப்பா! என்ட வாப்பா!”

தலைவிரி கோலமாக அவள் வாசலுக்கு ஓடிவரவும், காக்கா அத்தர் மணக்க ஓட்டோவிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்தாள். “நீங்க மௌத்து எண்டு நெனச்சன், நீங்க மௌத்து எண்டு நெனச்சன்” என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். “நானா? எனக்கென்ன?” என்று காக்கா முழித்தார். வாசலில் நின்ற அவ்வளவு பேரும் அவரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நான்தானே சாரதி!

“அப்ப மௌத்தானது ஆரு?” என்று கூடாரத்தின் மேலிருந்து ஒருவன் கேட்டான்.

“ஒருத்தரும் மௌத்தாகல்ல!” என்று கத்தினேன். “புள்ள பாட்டுப் பாடியிருக்கா! அதத்தான் மனிசன் சொன்ன!”

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பினார். அழுத கண் இன்னும் காயவில்லை, அதற்குள் கோபமும் வந்துவிட்டது அவருக்கு.

“மீராசாஹிபு, இது என்ன வேல? ஊரையே கொல நடுங்க வெச்சிட்டியே! பாட்டெண்டா ஊட்டுக்குள்ள வெச்சிக்க. கொமருப் புள்ளட பேர மைக்ல சொல்லி வீதி வீதியாத் திரியிற பழக்கம் எங்க இரிக்கி?”

காக்கா மகளின் தோளில் கிடந்த முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுவிட்டார். எப்போதும்போல வாயை மூடிக்கொண்டு பள்ளிப் பக்கம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

“எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியல்ல ஹாஜியார். நம்மட ஊர்ல ஒரு பொம்புளட பேர மைக்ல சொல்றது அவ மௌத்தான அண்டைக்குத்தான். பாத்தும்மாட பேரையும் நான் அப்பிடித்தான் சொன்ன. இருவத்தஞ்சு வருசம் என்னோட இரிந்த மனிசி. அவட பேர நான் சத்தமாச் சொன்ன ஒரே நாள் அதுதான், கேக்கிறதுக்கு அவ இல்ல. இவ இரிக்கக்குள்ளயே ஒருக்காச் சொல்லிப் போடுவம் எண்டு நெனச்சன். அவ்வளவுதான்.”

ஹாஜியார் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி போனார்கள். அது அவர்கள் விருப்பம். அதிகம் பேர் போகவில்லை. மையத்து வீட்டுக்கு வந்தவர்கள், மையத்து இல்லாவிட்டால் எப்போது எழும்பிப் போவதென்று யாருக்கும் தெரியவில்லை.

அன்னப்பிள்ளைதான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “இவ்வளவு அழுதிட்டம். அந்தப் பாட்டப் போடு புள்ள, கேப்பம்.”

ஸம்றா வாப்பாவைப் பார்த்தாள். “நீங்க கேட்டீங்களா வாப்பா?”

“இல்ல.”

“ஒண்டு கூடவா?”

“பயமா இரிந்திச்சு மகள். எனக்குப் புடிக்காமப் போனா, அத உனக்கு என்னண்டு சொல்ற?”

பாட்டைக் கேட்காமலே ஊரைக் கூட்டியிருக்கிறார் மனிதர்! இவரை நான் என்ன சொல்லித் திட்டுவேன்?

ஸம்றா போனை ஒரு கதிரையில் வைத்துப் பாட்டைப் போட்டாள். அவளுடைய குரல் மெல்லிசாக, வீட்டில் கதைக்கிற அதே பேச்சில், மெழுகுதிரியைத் தேடுவதைப் பற்றிப் பாடியது. காக்கா குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஊரும் பார்த்தது. பாதிப் பாட்டில் அவர் கண்ணைத் திறந்து, கதிரைகளுக்கு அப்பால் வேலியோரம் நின்றவர்களை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

“சத்தத்தக் கூட்டு மகள்,” என்றார். “பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல.”