அந்தக் கம்பனி என்ன செய்யுதுன்னு தெரியாத காலம்

நான் அப்பவே சொன்னேன். நாள் பூரா ஷெயார் வாங்கி வாங்கி விக்கிற யாவாரம் நிலைக்காது, நல்ல கம்பனியாப் பார்த்து வாங்கிட்டு பேசாம உக்காந்திருக்கிறவன்தான் பிழைப்பான்னு கண்டி டவுன்லயே முதல்ல சொன்ன ஆள் நான்தான்.

ஆனா அதுக்கு முந்தி நானும் ஆடியிருக்கேன்...

ஏசி குளிர், நனைஞ்ச குடை, இஞ்சி போட்ட பிளேன்டீ. இந்த வாசமெல்லாம் சேர்ந்து வந்தா இன்னிக்கும் எனக்கு அந்த ஷெயார் புரோக்கர் ஒபிஸ்தான் ஞாபகம். டவுன்ல மாடியில. சுவர்ல பெரிய ஸ்கிரீன், பச்சையும் சிவப்புமா எழுத்து ஓடும். முன்வரிசைக் கதிரை என்னோடது. எட்டாம் வகுப்போட நின்னவன்தான், ஆனா பேங்க் மேனேஜர்மாரே படியில நிப்பாட்டி என்கிட்ட யோசனை கேப்பாங்க.

எங்க வித்தை என்னன்னா, வாங்கினதுக்குக் காசு கட்டுற நாள் வர்றதுக்குள்ள வித்துடணும். லாபம் மட்டும் கைக்கு வரும். முதல் மாசம் வந்துச்சு. உடனே, மகளை நர்சிங் படிக்க வைக்க என் சம்சாரம் ஸ்டெல்லா சேர்த்து வச்சிருந்ததையும் வாங்கிப் போட்டேன்.

"ஏங்க, பிள்ளை படிப்புங்க."

"ரெட்டிப்பா தாரேன்."

ரெண்டே மாசத்துல பாதி போயிருச்சு. வீட்ல மூச்சு விடல. எப்படியோ தெரிஞ்சு ஒருநாள் ஸ்டெல்லாவே ஒபிசுக்கு வந்துட்டா. ஏசல. பக்கத்துக் கதிரையில உக்காந்து, "மிச்சக் காசு எதுல இருக்கு?"ன்னா. ஸ்கிரீன்ல காட்டினேன்.

"அந்தக் கம்பனி என்ன செய்யுது?"

நான் பாரூக் நானாவைப் பார்த்தேன். அந்தப் பக்கக் கதிரை, திகனயில துணிக்கடை வச்சிருக்கவரு; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். அவரு பின்னால இருந்தவரைப் பார்த்தாரு.

"ரப்பரா இருக்கும்"னாரு ஒருத்தரு.

"இல்ல, ஹோட்டல்"னாரு இன்னொருத்தரு.

நானா சிரிச்சாரு. "ரெண்டரைக்கு மார்க்கட் மூட முன்ன வித்துடப் போறோம் தங்கச்சி, தெரிஞ்சு என்ன செய்ய?"

"உங்க கடைக்கும் என்ன துணின்னு தெரியாமத்தான் எடுக்குறீங்களா நானா?"

நானா பிளேன்டீ கோப்பையை எடுத்து வாயில வச்சுக்கிட்டாரு. ஸ்கிரீன்கூட கொஞ்சம் நின்னு ஓடின மாதிரி இருந்துச்சு, சத்தியமா.

அன்னிக்கே மிச்சத்தை வித்தோம். அப்புறம் கெலிஓயா வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கினோம். எந்த பிஸ்கட் சீக்கிரம் முடியுது, எந்த சவர்க்காரத்தை ஆளுங்க பேர் சொல்லிக் கேக்குறாங்கன்னு பார்த்தோம். ஸ்டெல்லா டீச்சராச்சே, அதையெல்லாம் செய்யுற கம்பனிகளோட வருஷ அறிக்கையெல்லாம் பென்சிலோட வாசிச்சா. கடன் கூடின கம்பனியை எல்லாம் வெட்டிட்டா. கடைசியா மூணுதான் மிஞ்சிச்சு. அதையே மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கினோம்.

பெற்றோலுக்குக் கியூ நின்ன வருஷம் எல்லா விலையும் விழுந்துச்சு. கூட இருந்தவங்க வித்துட்டு ஓடினாங்க. நான் மட்டும் பாறை மாதிரி அசையாம இருந்தேன்.

இப்ப மகள் நர்ஸ். படிப்புச் செலவுல பாதி அந்த மூணு கம்பனி குடுத்த டிவிடெண்ட்தான். மார்க்கட்டும் போனுக்குள்ள வந்துருச்சு, மூணு மாசத்துக்கு ஒருக்கா பார்த்துட்டு மூடி வச்சுருவேன். நெஞ்சு படபடப்பு இல்ல, நிம்மதி. ஆனா அந்தக் கூட்டம், நானாவோட நக்கல்... அதெல்லாம் எந்த ஆப்ல கிடைக்கும்?

சரி, ஒண்ணு சொல்லிடுறேன். பாறை மாதிரி இருந்தேன்னது பொய். அந்த மூணு கம்பனி ஷெயாரையும் வாங்கின புது அக்கவுண்டை ஸ்டெல்லா தன் பேர்லதான் திறந்திருந்தா. வித்துடு வித்துடுன்னு மூணு நாள் அவ பின்னாலயே அலைஞ்சேன். "ஆளுங்க பிஸ்கட் திங்கிறதை விட்டுட்டாங்களா?"ன்னு மட்டும் கேட்டா. விக்கிறதுக்குக் கையெழுத்துப் போடவே இல்ல.

அவ போடாததாலதான், இன்னிக்கு நான் இங்க பெருமை பேசிக்கிட்டு இருக்கேன்.