நாலு பன்களை இடம் மாற்றியவள்

"இன்னொரு தடவை ஓட்டுண்ணா. அந்த ஓரத்துல ரெண்டு முழுசா கிடக்கு பாரு."

அக்டோபர் வந்தால் என் தங்கை ஃப்ரோனி கறுப்பு வால்நட் காய்களைப் பச்சைத் தோலோடு பாதையில் பரப்பிவிடுவாள். நான் குதிரை வண்டியை அவற்றின் மேல் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். தோல் நசுங்கிய பிறகு கொட்டைகளைப் பொறுக்குவாள். அந்தக் கறை சோப்புக்கு அசையாது. கருத்த விரல்களோடுதான் நவம்பர் முழுக்கச் சபைக்கு வருவாள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. மணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகளில் தனி அடுப்போடு இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அங்கே பன் வேகும். மாவில் மசித்த உருளைக்கிழங்கையும் அது வெந்த தண்ணீரையும் சேர்ப்பாள். மாவைச் சுருட்டிய பின் கத்தியைத் தொடமாட்டாள். தையல் நூலை அடியில் நுழைத்து, மேலே குறுக்காக இழுத்து வெட்டுவாள். "கத்தி மாவை அமுக்கிடும். நூலுக்குக் கனம் இல்ல."

தட்டின் அடியில் வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, வால்நட். அதன்மேல் மாவுச் சுருள்கள். வெந்ததும் தட்டைப் பலகைமேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் பாகு ஓடிவிடும், தாமதித்தால் இறுகிவிடும். அவளிடம் கடிகாரம் இல்லை. சபைப் பாட்டில் மூன்று வரி முணுமுணுப்பாள். எங்கள் பாட்டுகள் நிதானமானவை, ஒரு வரிக்கே ஒரு நிமிடம் ஆகும். என் சட்டைப்பைக் கடிகாரத்தில் ஒன்பது சனிக்கிழமை பார்த்தேன். மூன்று நிமிடத்துக்கு மேலே பத்து வினாடி. ஒருநாளும் மாறவில்லை.

லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்களான நாங்கள், காரும் கரண்டும் இல்லாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்கள், யாரையும் முகத்துக்கு நேரே புகழ்வதில்லை. பெருமை பாவம். தட்டு காலியாவதுதான் பாராட்டு. இதை எழுதும் அண்ணன் கொஞ்சம் தப்புச் செய்கிறான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் பெண்கள் கூடி மெத்தை விரிப்புத் தைத்த வீட்டில் இரண்டு தட்டுப் பன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. ஒன்று ஃப்ரோனியுடையது, மற்றது ஓடைக்கு அந்தப் பக்கத்து மலிண்டாவுடையது. ஃப்ரோனியின் தட்டு முதலில் காலியானது. மலிண்டாவின் தட்டில் நாலு மிச்சம். ஃப்ரோனிக்குக் காலித் தட்டைப் பார்க்கக் கூச்சம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்த நாலையும் தன் தட்டுக்கு மாற்றி வைத்தாள்.

"அட, ஃப்ரோனி தட்டுல இன்னும் இருக்கே!" என்றார்கள் பெண்கள். அரை நிமிடத்தில் நாலும் போயிற்று. மலிண்டா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து ஃப்ரோனியோடு பேசவில்லை.

சபையே கூடி அப்பமும் ரசமும் பகிரும் வசந்தகாலத் திருவிருந்துக்கு இரண்டு வாரம் முன்பு சமாதானக் கூட்டம் நடக்கும். எல்லாரோடும் சமாதானமா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஒருத்தி "இல்லை" என்று சொன்னால்கூட முப்பது குடும்பத்துக்கும் திருவிருந்து தள்ளிப்போகும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை ஃப்ரோனி, "வண்டியைப் பூட்டுண்ணா" என்றாள்.

"பன் தட்டை எடுத்துக்கலையாம்மா?"

"அதை எடுத்துட்டுப் போனா அது பேசும். நான்ல பேசணும்."

மலிண்டாவின் அடுப்பிலும் பன் வெந்துகொண்டிருந்தது. ஃப்ரோனி அடுக்களை நடுவில் போய் நின்றாள். நான் கடிவாளத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

"அந்த நாலையும் நான்தான் மாத்துனேன் அக்கா."

"தெரியும். என் தட்டுல இருந்தப்போ ஒருத்தியும் தொடல. உன் தட்டுக்கு வந்ததும் பறந்துடுச்சு. அதைக் காட்டத்தான் மாத்துனியா?"

"இல்லக்கா. என் தட்டு மட்டும் காலியா பல்லை இளிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டுலயும் மிச்சம் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"நெனப்ப. என்கிட்ட கேட்டியா?"

"கேக்கல. அதுதான் என் தப்பு. மன்னிச்சிடுங்க."

மலிண்டா அடுப்பிலிருந்து தட்டை வெளியே எடுத்து வைத்தாள். பாகு ஓரத்தில் கொப்புளித்தது.

"என் பன்னுல என்னதான்டி குறை? மழுப்பாம சொல்லு."

என் தங்கை யார் சமையலையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

"பன்னுல ஒண்ணும் இல்ல. கவுக்கத்தான் லேட் பண்றீங்க. பாகெல்லாம் தட்டோட போயிடுது."

"இருபது வருஷமா தட்டைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன், ஒருத்தி வாயைத் திறக்கல பாரேன்! நல்ல சபைதான் போ." மலிண்டா பிடிதுணியை எடுத்தாள். "எப்பன்னு நீயே சொல்லு."

இருவரும் தட்டைப் பார்த்தபடி நின்றார்கள். குதிரை காலை மாற்றிக்கொண்டது.

"இப்போ," என்றாள் ஃப்ரோனி.

மலிண்டா கவிழ்த்தாள். தட்டைத் தூக்கியதும் பாகும் கொட்டையுமாகப் பலகை நிறையப் பன்கள் பளபளத்தன. தட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஒரு நாற்காலியைக் காலால் மேசையை விட்டு வெளியே தள்ளினாள்.

ஃப்ரோனி தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோய், வெளியே போகும்போது மட்டும் போடும் கறுப்புத் தொப்பியின் நாடாவை அவிழ்த்து, அதைச் சுவரில் மலிண்டாவின் தொப்பி தொங்கிய ஆணியிலேயே மாட்டினாள்.