மாயாபந்தரில் எடுத்த கண்ணீர்

ஒரு பெண்ணிடம், அவள் கணவன் கடலில் மூழ்கிவிட்டான் என்று பொய் சொல்லி, அவள் கதறியதைப் படம்பிடித்தேன். நீங்கள் கைதட்டிய காட்சி அதுதான்.

நடிப்பு என்று நினைத்தீர்கள், இல்லையா? உங்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான்...

அறுபதுகளின் தொடக்கம். அந்தமானில் குடியேறியவர்களைப் பற்றி ஒரு சிறு படம் எடுக்க மெட்ராஸிலிருந்து போயிருந்தேன். அப்போது எனக்கென்று ஒரு தெய்வம் இருந்தார்: பேசாப்பட காலத்து அமெரிக்க இயக்குநர் ஒருவர். நாடகமேடையில் தோற்று, வயிற்றுப்பாட்டுக்காகச் சினிமாவுக்கு வந்தவர். கேமராவை மனித முகத்தின் அருகே கொண்டுபோகத் துணிந்தவர். ஊரெல்லாம் அவரிடம் தொழில் கற்றது. முதுமையில் அவருக்கு வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. அழ வராத நடிகையிடம், வீட்டில் சாவு என்று சொல்லி அழவைப்பாராம். உண்மையோ, கட்டுக்கதையோ... நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன்.

மாயாபந்தர் படகுத்துறை ஜெட்டியில், கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியாகச் செலஸ்தீனாவை நிறுத்தினேன். தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். அவள் கணவன் அந்தோணி அன்று உண்மையாகவே லாங் ஐலண்ட் தீவுக்குத் தன் சிறு படகான டிங்கியில் போயிருந்தான். கேமராவைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளிச்சமோ குறைந்துகொண்டிருந்தது.

அருகில் போய்ச் சொன்னேன். “டிங்கி கவுந்துடுச்சாம், அம்மா. அந்தோணி...”

அவள் மண்டியிட்டு விழுந்தாள். நிறுத்தாதே என்று கேமராக்காரருக்குச் சைகை காட்டினேன்.

பிறகு உண்மையைச் சொன்னபோது, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி என்னையே பார்த்தாள்.

“ஜூட்டா? பொய்யா சொன்னிய சார்? அழுன்னு கேட்டிருந்தா, எங்க அம்மை செத்தத நெனச்சு அழுதிருப்பனே. கேட்டியளா?”

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை! என்ன மனிதன் நான்?

இருட்டிய பிறகு திரும்பி வந்த அந்தோணி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த டிங்கி கவிழ்ந்தது. அந்தோணியின் உடல் கிடைக்கவில்லை. சேதி சொல்லப் போனவர்களை அவள் வாசலிலேயே மறித்தாளாம்.

“ஜூட் பேசாதிய. அந்தப் படக்காரன் எங்க ஒளிஞ்சி நிக்கான்? வரச்சொல்லுங்க அவன.”

அவன் ஆன்மாவுக்கான பூசைக்குச் சம்மதிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. தினமும் ஜெட்டிக்குப் போய் நிற்கிறாளாம். போர்ட் பிளேரில் படம் திரையிட்ட அன்று, கைதட்டல் ஓய்ந்த பிறகு, மாயாபந்தரிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர் இதைச் சொன்னார். மறுநாள் மாயாபந்தருக்குக் கப்பல் இருந்தது. நான் ஏறவில்லை. நானே போய்ச் சொன்னால் மட்டும் நம்புவாளா...? இப்படிக் கேட்டுக் கேட்டே கோழையாகிப்போனேன்.

அந்த அமெரிக்கரைத் திட்டிப் பார்த்தேன். அவரா என்னை ஜெட்டிக்கு அனுப்பினார்?

அந்தக் காட்சியை வெட்டி எறிய எத்தனையோ முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் முழுக்கப் பார்த்தேன். வெட்ட மனம் வரவில்லை. ஏனென்றால்... நான் எடுத்ததிலேயே சிறந்த காட்சி அதுதான்.